இரக்கமும் அதன் எல்லையும்

அமெரிக்க மண்ணில் ஐரோப்பியர் இழைத்த கொடுமைகளைப் படிக்குங்கால், கொடியவரைப் பற்றி நாம் நெடிது சிந்திப்பதில்லை. பொன்னாசை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். நம்மை உறங்கவிடாதவர் நல்லவரான பார்த்தொலோமே தெ லாஸ் காசாஸ்.

கரிபியன் தீவுகளில் குடியேறிப் பூர்வகுடிகளின் கட்டாய உழைப்பில் வாழ்ந்த ஸ்பானியருள் அவரும் ஒருவர். 1511இல் ஹிஸ்பானியோலாத் தீவில் மொந்தேசினோஸ் என்னும் துறவி, இம்மக்களும் மனிதரல்லரோ எனத் தேவாலயத்தில் வினவியபோது குடியேறிகள் சினந்தனர், திருந்தவில்லை. லாஸ் காசாஸுக்கும் மனம் மாற மூன்றாண்டுகள் ஆயின. 1514இல் தமக்கெனப் பகிர்ந்தளிக்கப்பட்ட ஆட்களைத் துறந்தார். 1566இல் இறக்கும்வரை அம்மக்களுக்காகவே வாதாடினார்.

அத்தகையவர்தாம் 1516இல், அவர்தம் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொணரலாம் என அரசுக்கு எழுதினார்! அவ்வாணிகம் அவர் தொடங்கியதன்று, முன்பே இருந்தது. எனினும், ஒரு தோளிலிருந்து இறக்கிய சுமையை மற்றொரு தோளில் ஏற்ற அவர் நெஞ்சு கூசவில்லையே, ஏன்? தைனோ மக்கள் மாள்வதை அவர் கண்ணாரக் கண்டார். ஆப்பிரிக்கரோ கப்பலில் வரவிருந்த ஆட்கணக்கு. அன்பு வேறு, அருள் வேறு எனப் பிரித்தறிந்த மொழி நம்முடையது. ஆயினும் நம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் துடிக்கும் நாம், பாத்திரம் துலக்க வருபவளின் பிள்ளை நலமா என்று என்றேனும் கேட்டதுண்டா?

பின்னாளில் அவர் உணர்ந்தார். ஆப்பிரிக்கரை அடிமையாக்கியதும் அதே அநீதிதான் என்றும், தம் அறியாமை இறைவன்முன் தம்மைக் காக்குமோ என்பது ஐயமே என்றும் தம் வரலாற்று நூலில் எழுதிவைத்தார். அந்நூல் அச்சேறத் தொடங்கியது 1875இல்தான்.