சாவாமையை மறுத்தவன்

ஹோமர் இயற்றியதாகக் கருதப்படும் 'ஒடிசி' என்னும் கிரேக்கப் பெருங்காப்பியம் 24 காண்டங்களையும் ஏறத்தாழ 12,000 அடிகளையும் கொண்டது. டிராய் நகர்ப் போரில் 10 ஆண்டுகளும் கடல்வழி அலைச்சலில் 10 ஆண்டுகளும் கழித்து, இத்தாக்கா தீவின் அரசன் ஒடிசியஸ் தன் இல்லம் சேர்ந்த கதையே அதன் பொருள். ஒற்றைக்கண் அரக்கனிடமிருந்தும் கடற்புயலிலிருந்தும் அவன் தப்பியதைப் பலரும் அறிவர். ஆயினும் அவனுக்கு நேர்ந்த பெருஞ்சோதனை, அமைதியும் அழகும் நிறைந்த ஒரு தீவில் நிகழ்கிறது.

தோழர் அனைவரையும் இழந்து ஓகிஜியா தீவில் ஒதுங்கிய அவனைக் கலிப்சோ என்னும் தேவமகள் 7 ஆண்டுகள் தன்னிடம் நிறுத்திவைக்கிறாள். தன்னுடனேயே தங்கிவிட்டால் மூப்பும் சாவும் அணுகாத வாழ்வை அளிப்பதாகக் கூறுகிறாள். அவனோ கடற்கரையில் அமர்ந்து கண்ணீர் வடிக்கிறான். தன் மனைவி பெனலோப்பி அழகில் இவளுக்கு ஈடாகாள், சாவுக்கு உரியவள் என்பதை ஒப்புக்கொண்டே, வீடு திரும்பும் நாளையே தான் விரும்புவதாக விடை பகர்கிறான்.

சாவு இன்னதென்று அறியாமல் சொன்ன சொல்லன்று இது. இறந்தோர் உலகை முன்னரே கண்டு மீண்டவன் அவன். அங்கே தன் தாயை மும்முறை தழுவ முயன்றான். மும்முறையும் அவள் நிழலெனக் கைநழுவினாள். இறந்தோர்க்கு அரசனாய் இருப்பதினும் மண்ணுலகில் ஓர் ஏழையிடம் கூலியாளாய் உழைப்பதே மேல் என்று மாவீரன் அக்கிலீஸ் புலம்பக் கேட்டான். இவ்வளவும் அறிந்தவன் சாவாமையை ஏன் மறுத்தான்?

கலிப்சோ தர முன்வந்தது முடிவில்லாத காலம். அக்காலத்தில் அவன் கணவனாகவோ தந்தையாகவோ மகனாகவோ இருக்க இயலாது. எவராலும் எதிர்பார்க்கப்படாத வாழ்வு எத்துணை நீண்டாலும் அது நாடுகடத்தப்பட்ட நிலையே. ஒடிசியஸ் புனிதனல்லன், சூழ்ச்சியும் குருதிப்பழியும் அவன் கதையில் உண்டு. எனினும் இவ்வுண்மையை அவன் உணர்ந்திருந்தான்.

இவ்விடத்தில் வினா நம்மை நோக்கித் திரும்புகிறது. நிலைவாழ்வை நம்புவதாக அறிக்கையிடும் நாம், உண்மையில் நம்புவது எதை? முடிவின்றி நீளும் நாள்கள் கொடையாகவன்றிச் சுமையாகவே தோன்றக்கூடும் எனத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எதிர்நோக்கைப் பற்றிய தம் சுற்றுமடலில் 2007ஆம் ஆண்டு சுட்டிக்காட்டினார். யோவான் நற்செய்தியின் 17ஆம் அதிகாரமும் நிலைவாழ்வை ஆண்டுகளால் அளக்கவில்லை. இறைவனையும் அவர் அனுப்பியவரையும் அறிவதையே நிலைவாழ்வு என்கிறது. அறிதல் என்பது உறவு.

அன்பா, சாவாமையா என அந்தக் கிரேக்கன் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. இறைவன் அன்பாய் இருப்பதால் அவ்விரண்டும் ஒன்றே என்பது நம் நம்பிக்கை. அது மெய்யெனில், உறவின் கடமைகளைச் சுமையென ஒதுக்கிவிட்டு நெடிய ஆயுளுக்காக நாம் மன்றாடுவது முரணன்றோ? முதுமையுற்ற பெற்றோரின் அருகே பொறுமையோடு அமர்ந்திருக்கும் ஒரு மணி நேரம், கலிப்சோவின் தீவில் கழியும் நூறாண்டுகளைவிட நிலைவாழ்வுக்கு நெருக்கமானது.