பாயும் மோட்டாரும்

பாய்மரப் படகில் ஒரு சின்ன எலெக்ட்ரிக் மோட்டாரை மாட்டிக்கொள்வது சரியா என்று கேட்டால், கேள்வியே அசட்டுத்தனமாகப் படும். காற்று நின்றுவிட்டால் மோட்டாரைத் தட்டிவிட்டுக் கரைசேர வேண்டியதுதானே, இதில் தர்ம விசாரத்துக்கு என்ன இடம்? ஆனால் உல்லாசத்துக்காகப் பாய் விரிக்கிறவர்களிடையே இது நிஜமான சச்சரவு. மோட்டார் வைத்திருப்பவன் பாய்மரக்காரனே அல்ல என்பது ஒரு கட்சி. கையில் இருக்கிற வசதியை மறுப்பது வெறும் ஜம்பம் என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் கேள்வியைத் தவறான இடத்தில் வைத்துவிட்டு வாதாடுகின்றன என்பது என் அபிப்ராயம். கடலிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளிக் கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல என்ன யோக்யதை என்றால், தண்ணீருக்குள் முங்கி ஓடும் மோட்டார் கரிசல்காரனுக்குப் புதிதில்லை. அது பின்னால் வரும்.

முதலில் சாதனம். டிரோலிங் மோட்டார் என்று பெயர். தூண்டில் இரையைப் படகுக்குப் பின்னால் மெல்ல இழுத்துக்கொண்டு போவதற்காக வந்தது. (நம் கடற்கரைகளில் கைகலப்பு வரைக்கும் போன டிராலிங் வேறு; அது கடலடியை வலையால் வாரும் தொழில். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் காதில் அதிக வித்தியாசமில்லை.) 1934இல் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவில், ஃபார்கோ நகரில், ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் செய்தது. மின்னஸோட்டா, டக்கோட்டா என்ற பக்கத்துப் பக்கத்து மாநிலங்களின் பெயரை ஒட்டவைத்து 'மின் கோட்டா' என்றார்கள். ஒரு குழாய், அதன் அடியில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார், அதில் ஒரு விசிறி, மேலே ஒரு பிடி, பாட்டரிக்குப் போகும் வயர். அவ்வளவுதான்.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் அடங்குவது 1,200 வாட்-மணி. மின்கட்டண பாஷையில் 1.2 யூனிட். ஈய பாட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் கெடும் என்பதால் கைக்கு வருவது 0.6 யூனிட். 300 வாட்டில் நிதானமாக ஓட்டினால் 2 மணி நேரம். படகு சின்னதாகவும் தண்ணீர் அமைதியாகவும் இருந்தால் ஏழெட்டு கிலோமீட்டர். நம் ஊர்க் கிணற்றில் ஓடும் 5 குதிரைசக்தி மோட்டார் இந்த 0.6 யூனிட்டைப் பத்து நிமிஷத்தில் தின்றுவிடும்.

இந்த அற்பத்தனத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. தண்ணீரில் வேகத்தை இரண்டு மடங்காக்கச் சக்தியைச் சுமார் எட்டு மடங்காக்க வேண்டும். ஆகவே எதிர்க்காற்று பலமாக அடித்தால் இந்த மோட்டார் தோற்றுவிடும். காற்று செத்துக் கிடக்கும்போதுதான் அது ஜெயிக்கும். பாய் எங்கே கைவிடுகிறதோ அங்கே மட்டும் உதவுகிற யந்திரம் இது. பெட்ரோல் எஞ்சின் அப்படியில்லை. அது காற்றை எதிர்த்தும் போகும். போகப்போகப் பாய் எதற்கு என்று கேட்க வைக்கும். கடைசியில் பாயைச் சுருட்டி வீட்டுப் பரணில் போடவைக்கும். தூத்துக்குடித் தோணிகளுக்கு நேர்ந்தது அதுதான். பாய் விரித்துக் கொழும்புக்குப் போய்வந்த தோணிகள் போன நூற்றாண்டு முடிவதற்குள் எஞ்சின் தோணிகளாகிவிட்டன.

சுத்தக்காரர்களின் வாதத்துக்கு இலக்கியப் பக்கபலம் உண்டு. கான்ராட் 1906இல் வெளியிட்ட 'கடலின் கண்ணாடி' கட்டுரைகளில் பாயை ஒரு கலையாகவும் நீராவியை வெறும் காரியமாகவும்தான் பார்க்கிறார். அதே 1906இல்தான் நமது ஓட்டப்பிடாரத்துக் கரிசல்காரர் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்குகிறார். துறைமுகம் நிறையத் தோணிகள் நின்ற ஊரில் அவர் நீராவியைத் தேர்ந்துகொண்டார். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நீராவிக் கப்பலோடு பாயைக் கொண்டு மோத முடியாது. கலையா காரியமா என்று பிரித்துப் பார்க்கிற சௌகரியம் கான்ராடுக்கு இருந்தது, சிதம்பரம் பிள்ளைக்கு இல்லை. கான்ராடைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. 'நிழல்கோடு' நாவலில் (1917) சயாம் வளைகுடாவில் காற்றில்லாமல் கப்பல் கிடக்க, மாலுமிகள் காய்ச்சலில் கிடக்க, மருந்துப் புட்டிகளில் கொய்னா இல்லை என்று தெரியவரும் பக்கங்களை எழுதியவருக்குக் காற்றின்மை என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். அதை ஒரு ஆன்மீகப் பயிற்சியாக ரசிப்பவர்கள் வாசகர்கள்தான். கோலரிட்ஜின் கிழட்டு மாலுமியிடம் 0.6 யூனிட் இருந்திருந்தால் இருநூறு பேர் பிழைத்திருப்பார்கள், கவிதைதான் இருந்திருக்காது. (அந்தக் கப்பலை அது நகர்த்தியிருக்காது என்பது வேறு விஷயம்.)

இந்த ரசனை நமக்கும் பழக்கமானது. புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கும் மானாவாரிக்காரனின் பொறுமையைப் புகழ்ந்து எத்தனையோ எழுதியாகிவிட்டது. வேறு வழி இருந்தால் அவன் பொறுமையாக இருப்பானா என்று எழுதியவர்கள் கேட்கவில்லை.

இன்னொன்று. 'காற்று மட்டும்' என்ற விரதம் இந்த ஜில்லாவில் செல்லுபடியாகாது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. கயத்தாறு பக்கம் போனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆனி ஆடிக் காற்றை வாங்கிச் சுற்றும் ராட்சச விசிறிகள் கரிசல் முழுக்க நிற்கின்றன. அங்கே விளைந்த மின்சாரம் படகின் பாட்டரியில் ஏறியிருந்தால், காற்று நின்ற கடலில் அந்தப் படகு போவது நேற்று அடித்த காற்றில். ஏறியது நிலக்கரி மின்சாரமாகவும் இருக்கலாம். கம்பியில் வந்த பிறகு எது எதிலிருந்து வந்தது என்று தெரியாது. என் கௌண்டரில் வந்து விழும் ரூபாய் நோட்டு மாதிரிதான்.

ஆக, மாட்டலாமா கூடாதா என்பது கேள்வியே அல்ல. பந்தயத்தில் மோட்டார் கூடாது என்று விதி இருக்கிறது. அது விளையாட்டு, அதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. உண்மையான கேள்வியை வேறொரு விதிப் புத்தகம் எழுப்பியிருக்கிறது. 1972இல் உருவாகி 1977இல் அமலுக்கு வந்த சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளை யாரும் தத்துவ நூலாகப் படிப்பதில்லை. படிக்கலாம். அதன் 3ஆம் விதி பாய்மரக் கலம் என்பது எது என்று வரையறுக்கிறது. பாயில் ஓட வேண்டும். எஞ்சின் பொருத்தியிருந்தால் அது உபயோகத்தில் இல்லாமல் இருக்க வேண்டும். வைத்திருப்பதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. உபயோகிக்கிற கணத்தில், பாய் விரிந்திருந்தாலும், அது விசைக்கலம் ஆகிவிடுகிறது. விசைக்கலம் பொதுவில் பாய்மரக் கலத்துக்கு ஒதுங்கிப் போக வேண்டும் என்கிறது 18ஆம் விதி. இதுவரை மற்றவர்கள் இவனுக்கு வழி விட்டார்கள். ஸ்விட்சைத் தட்டிய பிறகு இவன் வழி விட வேண்டியவன்.

25ஆம் விதி இன்னும் சூக்ஷ்மமானது. பாயை விரித்து எஞ்சினையும் ஓட்டுகிறவன், பகலில், படகின் முன்பக்கம் நன்றாகத் தெரியும் இடத்தில் ஒரு கூம்பை நுனி கீழாகத் தொங்கவிட வேண்டும். (கூம்பு என்றால் பழந்தமிழில் பாய்மரம். இங்கே சொல்வது கணக்குப் புத்தகக் கூம்பு.) எதற்கு இது? விரிந்த பாய் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதைத் திருத்துவதற்கு. டீசல் எஞ்சினாவது சத்தத்தாலும் புகையாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எலெக்ட்ரிக் மோட்டாருக்கு இரண்டும் இல்லை. எதிரே வருகிறவன் கண்ணுக்கு அது இன்னமும் காற்றை நம்பி நிற்கும் பாவப்பட்ட படகு. அவன் ஒதுங்குகிறான். சலுகை பாய்க்கு, அனுபவிப்பது மோட்டார். இந்தச் சாதனத்தின் பெரிய கீர்த்தியாகச் சொல்லப்படும் நிசப்தம்தான் அதன் தார்மீகப் பிரச்னையும்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலை (1977) மறைந்துபோகும் வல்லத்துக்கான இரங்கலாக வாசிக்கிறவர்கள் உண்டு. மணப்பாட்டுக் கரையில் வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் மூளும் பகைக்கு எஞ்சின் என்ற வஸ்து காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே கடலில் வலுத்தவன் ஒதுங்காமல் வருவது காரணம். கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் 1953இல் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம்கூடச் சின்னப் படகுக்கு எஞ்சின் வைப்பதில் ஆரம்பித்து, இறால் ஏற்றுமதிக்காக இழுவைமடியில் போய் நின்றதுதான். 1983இல் தமிழ்நாடு அரசு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்து, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்றது. வலு இருக்கிறவன் தள்ளிப் போ என்பதுதான் அதன் சாரம். சட்டம் எப்படி அனுஷ்டிக்கப்பட்டது என்பது வேறு கதை. பிற்பாடு வல்லத்துக்காரர்களும் கட்டுமரக்காரர்களும் அவுட்போர்டு எஞ்சினை மாட்டிக்கொண்டபோது, காற்றுக்குத் துரோகம் செய்துவிட்டதாக அவர்களில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது கரிசல். டிரோலிங் மோட்டாரும் நம் சப்மெர்சிபிளும் ஒரே ஜாதி. இரண்டும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும், தண்ணீரிலேயே சூடு தணித்துக்கொள்ளும், வெளியே சத்தம் கேட்காது. கமலை இறைத்த நாளில் மாடு ஓட்டுகிறவன் குரலும் உருளைச் சத்தமும் காடு முழுக்கக் கேட்கும். பிறகு ஆயில் எஞ்சின் வந்தது. யார் கிணற்றில் எத்தனை நாழிகை தண்ணீர் ஓடுகிறது என்று படுத்திருந்தபடியே ஊர் கணக்குச் சொல்லும். எஞ்சின்காரனுக்கு அது ஒரு கூச்சத்தை வைத்திருந்தது. பக்கத்துக் கிணறு வற்றினால், ராத்திரி உன் எஞ்சின் நிற்கவே இல்லையே என்று கேட்க ஆள் இருந்தது. சப்மெர்சிபிள் அந்தக் கூச்சத்தை எடுத்துவிட்டது. சிறு விவசாயிகளுக்கு 1984இலும், சில வருஷங்களில் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானதில், எத்தனை யூனிட் என்று தானே தெரிந்துகொள்ளும் அவசியமும் போயிற்று. (இலவச மின்சாரத்துக்கு எதிராக நான் பேசவில்லை, அதை ஒழித்துவிட்டால் கரிசலில் மிச்சமிருக்கும் கிணற்றுச் சாகுபடியும் போய்விடும்.) வங்கிக் கடனுக்கு இரண்டு கிணறுகளுக்கு நடுவே இவ்வளவு தூரம் வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. அது நிலத்தின் 18ஆம் விதி. 25ஆம் விதி எங்களிடம் கிடையாது. ஸ்டார்ட்டர் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சின்ன விளக்குகள் எரிகின்றன; பூட்டிய மோட்டார் ரூமுக்குள்.

படகின் பாட்டரிக்கு ஒரு நல்ல குணத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அடி தெரியும். வோல்ட்மீட்டர் 12.7 காட்டியது 12.2க்கு வந்தால் பாதி போயிற்று என்று அர்த்தம். ஓட்டுகிறவன் மிச்சத்தை எண்ணித்தான் செலவழிப்பான், கோடையில் குடத்துத் தண்ணீரை எண்ணுகிற பொம்பளைகள் மாதிரி. ஆனால் அந்த எண் அவனுக்கு மட்டும் தெரிகிற எண். எதிரே வருகிறவனுக்கு அதனால் பிரயோஜனமில்லை.

இத்தனை சின்னப் படகுக்கு, ஆளரவமற்ற ஏரியில், இந்த விசாரமெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்கர்கள் கேட்டுமிருக்கிறார்கள். அவர்களுடைய உள்நாட்டு நீர்வழி விதிகளில், 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்குக் கூம்பு கட்டாயமில்லை, விரும்பினால் காட்டலாம் என்று இருக்கிறது. டிரோலிங் மோட்டார் மாட்டத்தக்க படகுகள் அநேகமாக எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். சர்வதேச விதியில் இந்தச் சலுகை கிடையாது. தூத்துக்குடிக்கு வெளியே பத்தடிப் படகில் பாய் விரித்து மோட்டாரும் ஓட்டுகிறவன் கூம்பைத் தொங்கவிட்டே ஆக வேண்டும். 20 மீட்டருக்குக் குறைந்த படகானால் கூம்பின் அளவு படகுக்குத் தக்கபடி சின்னதாக இருந்தால் போதும். கறுப்பு நிறம். தகரத்தில் செய்து பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம்.