ஜாடி சும்மா இருக்கிறது

கியோட்டோவில் ஒரு விடுதி அறை. விளக்கை அணைத்தாயிற்று. அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இருவரும் சேர்ந்து போகும் கடைசிப் பயணம் இது. மனசில் கிடப்பதைச் சொல்ல அவள் வாயெடுக்கும்போது அப்பாவிடமிருந்து குறட்டைதான் பதிலாக வருகிறது. அவள் மேலே பார்த்துப் புன்னகைக்கிறாள். உடனே திரையில் ஒரு ஜாடி. அதன் பின்னால் காகிதம் ஒட்டிய ஜன்னல், அதில் மூங்கில் நிழல். மறுபடி அவள் முகம். இப்போது அழுகையின் விளிம்பில். மறுபடி அதே ஜாடி.

யசுஜிரோ ஓசு 1949இல் எடுத்த 'லேட் ஸ்பிரிங்' படத்தில் இது வருகிறது. மகள் நொரிகோவாக செட்சுகோ ஹாரா, அப்பாவாக சிஷு ரியூ. ஜாடி திரையில் நிற்பது சில விநாடிகள்தான். அதைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியதைப் படிக்கப் பல நாள் ஆகும்.

ஆரம்பித்து வைத்தவர்களில் முக்கியமானவர் பால் ஷ்ரேடர். சினிமாவையே பாவமென்று விலக்கிய கால்வினிசக் குடும்பத்தில் வளர்ந்தவர். பின்னாளில் 'டாக்ஸி டிரைவர்' எழுதியவர். ஓசு, பிரெஸ்ஸோன், டிரையர் ஆகிய மூன்று இயக்குநர்களையும் வைத்து 1972இல் வெளியிட்ட நூலில், அன்றாடத்துக்கு அப்பாலுள்ள ஒன்றை அந்த ஜாடி தொட்டுவிடுகிறது என்று அவர் வாதிட்டார். சினிமா கூடாதென்ற வீட்டுப் பிள்ளைக்குக் கடைசியில் சினிமாவிலேயே தரிசனம்! பிரெஞ்சுத் தத்துவவாதி ஜில் டெல்யூஸுக்கோ அது கடவுளல்ல, காலம். புன்னகையும் கண்ணீரும் மாறிவிடுகின்றன. ஜாடி மட்டும் மாறாமல் நின்று மாற்றத்தைத் தாங்குகிறது. இன்னும் சிலர், அந்த இடத்தில் ஜாடிக்குப் பதில் வேறெதை வைத்திருந்தாலும் காட்சி நின்றிருக்கும் என்றார்கள்.

கேள்வி பழையதுதான். புனிதம் பொருளில் இருக்கிறதா, பார்க்கிறவரிடமா?

இயக்குநர் ஆந்த்ரே தார்க்கோவ்ஸ்கியிடம் கேட்டால் பதில் வேறு. இத்தாலியில் எடுத்து 1983இல் வெளிவந்த 'நொஸ்டால்ஜியா'வில் ஒரு ரஷ்யக் கவிஞர், தண்ணீர் வற்றிய குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மெழுகுவர்த்தியை அணையாமல் கொண்டுபோகிறார். ஊரார் பைத்தியமென்று ஒதுக்கிய ஒருவருக்குக் கொடுத்த வாக்கு அது. அணைந்தால் திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்குகிறார். சுமார் 9 நிமிடம், ஒரே ஷாட். நேர்த்திக்கடன் செலுத்துகிறவரின் நடை. பார்க்கிறவரும் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அணைந்துவிடக்கூடாதே என்று வேண்ட ஆரம்பிக்கிறார். நம்பிக்கை இல்லாதவரையும் அந்த 9 நிமிடம் பக்தராக்கிவிடுகிறது. இதில் கொஞ்சம் வற்புறுத்தல் இருப்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜாடி யாரையும் எதுவும் கேட்பதில்லை. அது சும்மா இருக்கிறது. வேலைவெட்டி இல்லாததையும், யோகத்தின் உச்ச நிலையையும் ஒரே சொல்லால் குறிக்கிற மொழி தமிழ். இந்தக் காட்சிக்கு அந்த இரண்டு பொருளும் வேண்டும். கதைப்படி ஜாடிக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனால் புன்னகை எந்தக் கணத்தில் கண்ணீரானது என்பதைக் காட்டாமல் ஓசு கேமராவைத் திருப்பிக்கொண்டதால், அந்த இடைவெளிக்குள் பார்க்கிறவரின் சொந்தப் பிரிவுகள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஷ்ரேடர் ஜாடிக்குள் தேடியது ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததோ என்னவோ.

விடுதி இரவுக்கு அடுத்து ரியோவான்ஜி ஆலயத்தின் கல் தோட்டம் வருகிறது. வெள்ளைச் சரளைக்கு நடுவே 15 பாறைகள். விளிம்பில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்துவிடும். அப்பாவும் அவர் நண்பரும் அங்கே அமர்ந்து பேசுவது பெண் பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுப்பதைப் பற்றி. மெய்ஞ்ஞானம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தன்னை டோஃபு செய்கிறவன் என்று சொல்லிக்கொண்டவர் ஓசு. ஆன்மிகப் பட்டத்தை அவர் தேடிப் போனதில்லை.

படம் கீட்டா காமகுரா ரயில் நிலையத்தில் தொடங்குகிறது. அந்த நிலையத்தை ஒட்டியே எங்காக்கு-ஜி என்ற ஜென் மடாலயம். 1903 டிசம்பர் 12இல் பிறந்து, 1963இல் அதே டிசம்பர் 12இல், தன் 60ஆவது பிறந்தநாளில் இறந்த ஓசுவின் கல்லறை அங்கேதான். கல்லில் பெயர் இல்லை. 'மூ' என்ற ஒற்றை எழுத்து மட்டும்: இன்மை. அவருக்குப் பிடித்த சாகே பாட்டில்களை ரசிகர்கள் அதன் முன்னால் வைத்துவிட்டுப் போகிறார்கள்.