காவல் மட்டும் போதுமா?

கென்யாவின் வடக்கே, எவாசோ நீரோ ஆற்றங்கரையில் இருக்கிறது சம்புரு காப்பகம். 2002 ஜனவரியில் அங்கே சஃபாரி போனவர்கள் தங்கள் கண்களையே நம்பவில்லை. முன்னால் ஒரு பெண் சிங்கம். பின்னால், கால்கூட இன்னும் சரியாக நிலைக்காத ஓரிக்ஸ் மான்குட்டி. சிங்கம் படுத்தால் குட்டியும் ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. எழுந்து நடந்தால் கூடவே நடக்கிறது.

அந்தச் சிங்கத்துக்கு 'கமுன்யாக்' என்று பெயர் வைத்தார்கள். சம்புரு மொழியில் 'ஆசி பெற்றவள்'. தெய்வ அடையாளம் என்று நெகிழ்ந்தவர்களும் உண்டு. காட்டுயிர் ஆர்வலர் சாபா டக்ளஸ்-ஹாமில்டன் அந்தச் சிங்கத்தைப் பின்தொடர்ந்து ஆவணப்படமே எடுத்தார்.

ஓரிக்ஸ் தாய், ஈன்ற குட்டியைப் புல்லிலும் புதரிலும் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகும். பால் கொடுக்க வந்து போகும். அந்த வயதில் குட்டி பதுங்கியே கிடக்கும். அப்படி ஒரு குட்டியைத்தான் கமுன்யாக் கொல்லாமல் தன்னோடு வைத்துக்கொண்டது. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்னை உறுத்துவது வேறு. அதனிடம் பால் இல்லை.

குட்டியைத் தனியே விட்டு வேட்டைக்குப் போகவும் அதற்கு மனம் வரவில்லை. ஆக, காத்தது பட்டினி, காக்கப்பட்டதும் பட்டினி. இரண்டு வாரம் போல இப்படியே போனது. பிறகு ஓர் ஆண் சிங்கம் வந்து குட்டியை அடித்துக் கொன்றது. கமுன்யாக் அடங்கவில்லை. அந்தக் குட்டியையும் சேர்த்து, அடுத்தடுத்து ஆறு குட்டிகளையாவது இப்படி வைத்துக்கொண்டது. இரண்டாவது குட்டியை வனத்துறையினர் தலையிட்டு எடுத்துப் போனார்கள்.

2017 ஜூலையில் தான்சானியாவின் இங்கோரோங்கோரோ பகுதியில் நோசிகிடோக் என்ற சிங்கம் சிறுத்தைக்குட்டி ஒன்றுக்குப் பாலூட்டிய புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது அப்போதுதான் குட்டி ஈன்றிருந்தது. மடியில் பால் இருந்தது. கமுன்யாக்கிடம் இருந்தது பாசம் மட்டுமே. அதைப் பாசம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. விலா எலும்பு தெரியப் பட்டினி கிடப்பது நடிப்பா என்ன?

இப்படிப்பட்ட பாசத்தை மனிதரிடமும் பார்த்திருக்கிறேன். எங்கள் உறவில் ஒருவர், படுத்த படுக்கையான தாயை வருடக்கணக்கில் தனியாளாகப் பார்த்துக்கொண்டார். தங்கை வந்தாலும் தொடவிட மாட்டார். நர்ஸ் வைக்கலாம் என்றால் கோபம் வரும். "என் அம்மாவை நான் பார்த்துக்க மாட்டேனா?" ஒரே ஆளால் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க முடியுமா? முதுகில் படுக்கைப்புண் வந்துவிட்டது. ஊரே அவரைப் போற்றியது. அவரும் பாதியாக இளைத்திருந்தார். அவருடைய தியாகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அதனாலேயே புண்ணைப் பற்றியும் யாரும் பேசவில்லை. நானும்தான்.

கமுன்யாக் கதையில் இன்னொரு செய்தி உண்டு. குட்டியைப் பெற்ற தாய்மானைச் சில வேளைகளில் அது கிட்டே வரவிட்டது. பால் கொடுக்கவும் விட்டது. கொடுத்தபின் விரட்டியது. எனக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. தன்னால் தர முடியாததைத் தருகிறவளுக்கு வழிவிட்டு ஒரு சிங்கம் விலகி நிற்கிறது. எதிரே, சிங்கம் நிற்கிறது என்று தெரிந்தும் மடியோடு வருகிறது ஒரு மான். அந்த ஆவணப்படத்தைப் பார்க்க வாய்த்தால், சிங்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த மானையும் கொஞ்சம் பாருங்கள்.