சிறைக்குள் வளரும் பிள்ளைகள்

பெற்றோர் குற்றம் புரிந்தால் பிள்ளை சிறையில் வாழலாமா? வெளியிலிருக்கும் நம்மைக் கேட்டால், "கூடவே கூடாது" என்று உடனே கூறிவிடுவோம். உள்ளிருக்கும் கைதிகளோ அவ்வளவு எளிதில் விடை கூறுவதில்லை.

தென் அமெரிக்காவிலுள்ள பொலிவியா தேசத்தில், லா பாஸ் நகரின் நடுவே ஸான் பெத்ரோ என்னும் சிறைச்சாலை உளது. காவலர் வாயிலோடு நின்றுவிட, உள்ளே கைதிகளே நிர்வாகம் நடத்திவந்த விசித்திரச் சிறை அது. அறைக்கு விலையுண்டு, வாடகையுண்டு. கடைகளும் உணவுச் சாலைகளும் உண்டு. பணமில்லாதவன் பாடு அங்கும் திண்டாட்டமே! கைதிகளுடன் அவர்தம் மனைவி மக்களும் அங்கே குடியிருந்தனர். பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடம் சென்று, மாலையில் சிறைக்கே வீடு திரும்பினர். ஆறு வயதுக்குட்பட்டோரையே சட்டம் அனுமதித்தது. எனினும் மூத்த பிள்ளைகளும் அங்கு வளர்ந்தனர்.

2013ஆம் ஆண்டில், ஸான் பெத்ரோவுக்குள் ஒரு சிறுமி பாலியல் கொடுமைக்கு ஆளான செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அத்தேசத்துப் பால்மசோலா சிறையில் மூண்ட கலகத்தில் 30 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் ஒன்று 18 மாதக் குழந்தை. பிள்ளைகளை அப்புறப்படுத்த அரசாங்கத்தார் முற்பட்டபோது, ஸான் பெத்ரோக் கைதிகள் எதிர்த்தனர்.

பிள்ளையை உடன் வைத்திருக்கும் கைதியின் வாதம் இரண்டு. பிள்ளை முகம் கண்டால் மனம் திருந்தும், சண்டை குறையும் என்பது ஒன்று. இது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும் தகப்பனின் மனநோய்க்கு மகளை மருந்தாக அரைத்துக் கொடுப்பது எந்த நியாயம்? அம்மருந்தின் விலையைத்தான் அச்சிறுமி செலுத்தினாள்.

மற்றொரு வாதம், வெளியே இவர்களுக்குச் சோறிடுவார் யார் என்பது. இதனைத் தள்ள என்னால் இயலவில்லை. பெற்றவர் வினை பிள்ளையைச் சேரும் என்று சொல்லிவிட்டு நம்மவர் சும்மாயிருப்பர். பசித்த பிள்ளைக்கு அந்த வேதாந்தம் உதவுமா? மதிலுக்கு வெளியே தெருதான் உண்டென்றால், மதிலுக்குள் வைத்துக்கொள்ளும் தகப்பனைக் கொடியவன் என்பது எங்ஙனம்?

பால்குடி மாறாத சிசுவின் காரியம் வேறு. அதனைத் தாயினின்று பிரிப்பதே கொடுமை. இந்திய உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு, ஆறு வயது வரை குழந்தை சிறைப்பட்ட தாயுடன் இருக்கலாமென்றது. அக்குழந்தையைக் கைதியாக நடத்தலாகாது, உணவும் மருத்துவமும் கல்வியும் அதற்கு உரிமை என்றது. பின்னர் தாயின் விருப்பப்படி தக்கவரிடமோ, சமூகநலத் துறையின் விடுதியிலோ ஒப்படைக்கவேண்டும். இத்தீர்ப்பில் நான் பெரிதும் மதிப்பது இந்தக் கடைசிப் பகுதியையே. பிரிக்கும் நாளைக் குறித்தவர்கள் போய்ச்சேரும் இடத்தையும் குறித்தார்கள்.

ஸான் பெத்ரோவில் வளர்ந்த பெண் தகப்பனோடு இருந்திருக்கலாகாது என்பதே என் துணிபு. ஆனால், "என் மகள் இன்றிரவு எங்கே உறங்குவாள்?" என்று அங்குள்ள ஒரு தகப்பன் கேட்பானாயின், அவனைச் சிறையிலிட்டவர்களே விலாசம் கூறவேண்டும்.