சந்தனமும் நெஞ்சமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழி நான்காம் பத்தின் மூன்றாம் பதிகத்தில், எம்பெருமான் தன் திருமேனிக்கு ஆழ்வாருடைய நெஞ்சையே சந்தனமாகக் கொண்டருளினான் என்று அநுபவிக்கிறோம். அவர் சொற்கள் மாலையாயின. கூப்பிய கைகள் திருவாபரணமாயின. நெஞ்சுக்குச் சந்தனம் ஒப்பானது ஏன்? சந்தன மரத்தின் இயல்பை அறிந்தால் இது ஒருவாறு விளங்கும்.

அம்மரத்தின் மணம் பட்டையிலோ வெளிமரத்திலோ இல்லை. நடுவிலுள்ள வைரத்திலும் வேரிலுமே உள்ளது. வைரம் பாய்ந்து முதிரப் பல ஆண்டுகள் செல்லும். முதிர்ந்த வைரத்தைத் தூளாக்கி நீராவியில் வடித்தால் சந்தனத் தைலம் பிரியும். மைசூரில் இதற்கென 1916ஆம் ஆண்டிலேயே அரசுத் தொழிற்சாலை ஏற்பட்டது. கல்லில் இழைத்தாலும் கொப்பரையில் வடித்தாலும் வெளிவருவது உள்ளே இருந்ததே. நெஞ்சும் அவ்வாறே.

வேரில் நீர் தேங்கினால் சந்தனம் தாங்காது. எனவே அது நம் நஞ்சைக்குரிய மரம் அன்று. ஆயினும் தஞ்சை மாமணிக்கோயிலை ஸேவித்து, காவிரி நீரால் வாழும் நமக்கு அது அந்நியமும் அன்று. மலைநாட்டிலிருந்து இறங்கும் காவிரி சந்தனத்தையும் மணிகளையும் திருவரங்கத்தில் கொண்டு சேர்ப்பதைத் திருமங்கையாழ்வார் பாடியருளினார். அங்கே பெரிய பெருமாள் திருமேனி சுதையாலானதாகையால், திருமஞ்சனமின்றித் தைலக்காப்பே சாற்றப்படுகிறது. சாற்றியது திருமேனியிலேயே தங்குகிறது. ஆகவே சாற்றும் பொருள் மெய்யானதாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இன்றோ செயற்கை மணமூட்டிய தூளும் கலப்படத் தைலமும் சந்தனம் என்ற பெயரிலேயே விற்கின்றன. உண்மைத் தைலம் ஓய்வூதியத்தில் வாழும் நம் போன்றோர்க்கு எட்டாத விலை. "பெருமாள் நெஞ்சைத்தானே பார்க்கிறார், எதைச் சாற்றினால் என்ன?" என்று கேட்கத் தோன்றும்.

பெரியாழ்வார் அச்சோப் பருவத்தில் அநுபவிக்கும் கூனியின் சரித்திரம் இதற்கு விடை. அவள் ஏந்திச் சென்றது கம்ஸனுக்கென்று அரைத்த சந்தனம். கண்ணன் மணமுள்ள அச்சாந்தையே கேட்டான். அவள் அரசனுக்கு அஞ்சாமல், தரம் குறைந்த வேறொன்றைத் தேடாமல், அதையே திருமேனியில் பூசினாள். அவள் கூன் நிமிர்ந்தது. நெஞ்சு மெய்யானபோது பொருளும் மெய்யாயிற்று என்பதைக் காண்க.

வணிகக் கணக்கிலேயே ஒரு பொருளை மற்றொன்றின் பெயரில் எழுதுவது குற்றம். கைங்கர்யத்தில் அது தகுமோ? ஏழ்மை குறையன்று. சிறு சந்தனக்கட்டை ஒன்றிருந்தால் நெடுநாள் இழைத்துச் சாற்றலாம். அதுவும் இயலாதபோது ஒரு திருத்துழாய் இதழ் போதும். அதைத் துழாய் என்றே சமர்ப்பிப்போம். அவன் விரும்பும் சந்தனமாகிய நெஞ்சு நம்மிடம் உள்ளது. அதில் மட்டும் கலப்படம் சேராதபடி காத்தருளுமாறு ஆழ்வாரையே வேண்டுவோம்.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.