முன்னறிவும் பொறுப்பும்

பிறக்கப்போகும் குழந்தைக்குப் பலன் சொல்லும் சோதிடனைக் கண்டு நாம் நகைக்கிறோம். நகைப்பது நியாயமே. கோள்களின் நிலையைக் கொண்டு ஓர் உயிரின் வருங்காலத்தைக் கூறிவிடலாம் என்பது அறிவுக்கு ஒவ்வாத கொள்கை. ஆயினும், அதே நாம், வைத்தியர் ஓர் எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் வாயடைத்து நிற்கிறோமே, அஃது ஏன்? விஞ்ஞானத்தின் கூற்றையும் விதியின் கூற்றாகவே செவிமடுக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் எஞ்சியிருக்கிறது போலும். இதனை ஓர் உதாரணங்கொண்டு ஆராய விரும்புகிறோம்.

கர்ப்பிணியின் கருப்பைக் கழுத்தைக் கேளா ஒலியலைகளால் அளந்து, குழந்தை குறைமாதத்திற் பிறக்கும் வாய்ப்பை முன்கூட்டி மதிப்பிடும் முறை இன்று பல நாடுகளில் வழக்கிலுள்ளது. உரிய காலத்துக்கு முன்னரே இக்கழுத்து குறுகத் தொடங்கினால், 37 வாரம் நிறையுமுன் பிரசவம் நேரும் வாய்ப்பு மிகுகிறது. கருவி வந்த வழி சுவையானது. 1955இல் கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்ட், அறுத்தெடுத்த கட்டிகள் சிலவற்றை மோட்டார் வண்டியில் வைத்துக்கொண்டு, அருகிலிருந்த கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றார். உலோகத்துள் மறைந்துகிடக்கும் வெடிப்பைக் கண்டுபிடிக்க அங்கே பயன்பட்ட கருவி மனிதத் தசைக்கும் உதவுமா என்று பார்ப்பதே அவர் நோக்கம். உதவிற்று. தொழிற்சாலையிலிருந்து வைத்தியசாலைக்கு வந்த இக்கண்ணைப் பற்றி நமது பாடநூல்கள் இரண்டு வரி எழுதினால் நன்றாயிருக்கும்.

1996இல் அமெரிக்காவின் பத்து நிலையங்களில் ஏறத்தாழ 2,900 கர்ப்பிணிகளை அளந்து செய்த ஆய்வொன்று வெளிவந்தது. 24ஆம் வாரத்தில் கழுத்தின் சராசரி நீளம் 35 மில்லிமீற்றர். அது 25 மில்லிமீற்றராகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்கள் ஆபத்து மிகுந்தோர் எனக் கண்டனர். இத்தகையோர் நூற்றுவரை எடுத்துக்கொண்டால், 35 வாரத்துக்கு முன் தானாகவே பிரசவ வலி கண்டு பெற்றவர்கள் ஏறத்தாழ 18 பேர். எஞ்சிய 82 பேருக்கும் அவ்வாறு நேரவில்லை. மறுபுறம், முன்கூட்டிப் பெற்றவர்களில் 37 வீதத்தினரையே இவ்வளவுகோல் சுட்டிக்காட்டியிருந்தது. முதற் கர்ப்பம் தாங்கிய 9,410 பெண்களைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில் நிலைமை இன்னும் மோசம். 16 முதல் 22 வாரங்களுக்குள் அளந்தபோது, பின்னர் குறைமாதத்திற் பெற்ற நூறு பேரில் 8 பேரையே அது கண்டுபிடித்தது.

எண் பொய்யானதன்று. நூறு பெண்களைப் பற்றி அது உண்மையே பேசுகிறது. ஆனால் பரிசோதனைக் கட்டிலிற் கிடப்பவள் ஒருத்தி. அவளுக்குக் குழந்தை முன்கூட்டிப் பிறக்கும், அல்லது பிறக்காது. 18 வீதம் பிறப்பதில்லை. அவ்வெண்ணைக் கேட்டவள் வீட்டுக்குப் போய் என்ன செய்வாள்? படியேறியது தவறோ, வாளி தூக்கியது தவறோ என்று தன் உடலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவாள். சோதிடன் கிரகத்தின் மீதாவது பழியைப் போட்டான்!

அங்ஙனமாயின் அளவாமலே விட்டுவிடலாமா? பயமுறுத்தாதிருப்பதே கருணை என்று சிலர் வாதிக்கக்கூடும். இதனை நாம் ஏற்பதற்கில்லை. 2007இல் வெளியான பரிசோதனையொன்றில், கழுத்து 15 மில்லிமீற்றருக்கு மேற்படாத பெண்களுக்கு இரவுதோறும் 200 மில்லிகிராம் புரொஜெஸ்தரோன் கொடுத்தபோது, 34 வாரத்துக்கு முன் தானாக நேரும் பிரசவம் 34 வீதத்திலிருந்து 19 வீதமாகக் குறைந்தது. அளவாமல் விட்டிருந்தால் அம்மருந்தை யாருக்குக் கொடுப்பது? ஒருவருக்கு நேரவிருப்பதை அறிந்தவன், அறிந்த கணத்திலேயே அவருக்குக் கடன்பட்டவனாகிறான். கடன் அளந்தவருடையது, அவரை அனுப்பிய சமுதாயத்தினுடையது. அதனை அளக்கப்பட்டவளின் தலையிற் சுமத்துவதே நடைமுறையாயிருக்கிறது என்பதுதான் நமது முறைப்பாடு.

இதற்குச் சான்றும் உண்டு. கழுத்துக் குறுகியவளுக்கு ஓய்வெடுக்கும்படி ஆலோசனை கூறுவது நீண்டகால வழக்கம். அமெரிக்காவில் அத்தகைய 646 பெண்களைப் பற்றிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. வேலை, நடமாட்டம் முதலியவற்றைக் குறைக்குமாறு பணிக்கப்பட்டிருந்தோர் 39 வீதத்தினர். அவர்களுள் 37 வீதத்தினர் குறைமாதத்திற் பெற்றனர். அவ்வாறு பணிக்கப்படாதோரில் 17 வீதத்தினர். ஆபத்து மிகுந்தவர்களையே வைத்தியர்கள் தெரிந்தெடுத்துப் படுக்க வைத்திருக்கலாமாகையால், ஓய்வே தீங்கு செய்தது என்று நாம் சொல்ல மாட்டோம். நன்மை செய்ததற்கும் அங்கே அடையாளம் இல்லை.

பயன் நிரூபிக்கப்படாத ஒரு சிகிச்சை ஏன் இத்தனை எளிதாக வழங்கப்படுகிறது? வைத்தியசாலைக்கு அதனாற் செலவில்லை. செலவு முழுவதும் பெண்ணுடையது. அந்நாட்டில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் 12 வார விடுமுறை தருகிறது. அதுவும் சம்பளமின்றி, 50 பேருக்குக் குறையாதோரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களில் மட்டுமே. வாரக் கூலியில் வாடகை கொடுப்பவளுக்கு 'ஓய்வெடு' என்பது வருமானத்தை விடு என்பதற்கு மறுபெயர். விட முடியாதவள் வேலைக்குப் போவாள். குழந்தை முந்திப் பிறந்தால், சொன்னதைக் கேளாதவள் என்ற பெயரும் அவளுக்கே.

கருப்பைக் கழுத்தை அளக்கும் நாட்டில் வேறு சில அளவுகளும் கிடைக்கவே செய்கின்றன. 2022இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் குழந்தைகளில் 14.6 வீதத்தினரும், வெள்ளையரின் குழந்தைகளில் 9.4 வீதத்தினரும் குறைமாதத்திற் பிறந்தனர். ஆண்டாண்டுகளாக மாறாது நிற்கும் இவ்விடைவெளியை எந்த ஒலியலையும் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள்ளிருந்து விளக்கித் தராது. அதை அளக்க வேலைத்தலத்துக்கும் குடியிருப்புக்கும் சம்பளப் பட்டியலுக்கும் போக வேண்டும்.

மணிக்கணக்காய் நின்று வேலை செய்யும் கர்ப்பிணி ஓர் இருக்கையையும் பாரங்குறைந்த வேலையையும் கேட்பதற்கு நாடு முழுவதற்குமான சட்டம் அங்கே 2023 ஜூன் மாதத்திலேயே நடைமுறைக்கு வந்தது. அதாவது, 1996 ஆய்வு வெளிவந்து 27 ஆண்டுகள் கழித்து. 15 பேரேனும் வேலை செய்யும் இடங்களையே அது கட்டுப்படுத்தும். தனியார் துறைப் பெண்களுக்குச் சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுமுறை தரும் கூட்டாட்சிச் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.